டிஸ்க் எதுவென்று கணினிக்குச் சொன்ன காலம்

1981-இல் வந்த ஐபிஎம்மின் முதல் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. 1983-இல் வந்த எக்ஸ்டியில் 10 எம்பி டிஸ்க் இருந்தது. அடுத்த ஆண்டு ஏடி வந்தபோது, ஒரு வேலையும் கூடவே வந்தது. உள்ளே மாட்டியிருக்கும் டிஸ்க் எந்த வகை என்று கணினிக்குச் சொல்லியாக வேண்டும்.

கணினி எழும்போது முதலில் இயங்கும் மென்பொருள் பயாஸ். ஏடியின் பயாஸில் டிஸ்க் வகைகளின் பட்டியல் ஒன்று பதிந்திருந்தது. முதல் வகை 306 சிலிண்டர், 4 ஹெட். இரண்டாவது வகை 615 சிலிண்டர், 4 ஹெட். டிராக் ஒன்றுக்கு 17 செக்டர். பட்டியலில் உரிய எண்ணைத் தேர்ந்தால் அது பேட்டரியில் இயங்கும் சிறு நினைவகத்தில் பதிவாகும். பேட்டரி தீர்ந்தால் பதிவும் போய்விடும். டிஸ்க் நன்றாக இருந்தும் கணினி எழும்பாது. வாங்கிய டிஸ்க் பட்டியலிலேயே இல்லையென்றால், அதைவிடச் சிறிய வகை ஒன்றைத் தேர்ந்து மிச்ச இடத்தை இழக்க வேண்டும். பின்னால் வந்த பல பயாஸ்களில் 47-ஆம் வகை காலியாக விடப்பட்டது. சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை அதில் நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாள் அன்று அத்தனை முக்கியம். எந்தெந்த டிராக்குகள் பழுது என்று தொழிற்சாலையில் சோதித்து அதில் அச்சிட்டிருப்பார்கள். ஃபார்மட் செய்பவர் அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார்.

1986-இல் காம்பேக் கணினிகளில் வந்த ஐடிஇ முறை கட்டுப்பாட்டுச் சுற்றை டிஸ்க்குக்குள்ளேயே கொண்டுபோனது. கேட்டால் டிஸ்க்கே தன் அளவைச் சொல்லும் வசதி அதன் வழியே வந்தது. தொண்ணூறுகளின் பயாஸ்களில் இருந்த 'ஆட்டோ டிடெக்ட்' அதை நம்பித்தான் இயங்கியது. கைவேலை மட்டும் மிஞ்சியது. ஒரே ரிப்பன் கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால், பின்பக்கத்து ஊசிகளில் ஜம்பரைச் செருகி ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் ஆக்க வேண்டும். இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

டிஸ்க்குகள் பெருத்தபோது பழைய கணக்குகள் இடித்தன. பயாஸ் 1,024 சிலிண்டருக்கும் 63 செக்டருக்கும் மேல் எண்ணாது. ஐடிஇ 16 ஹெட்டுக்கு மேல் ஏற்காது. மூன்றையும் பெருக்கி, செக்டருக்கு 512 பைட் என்று கணக்கிட்டால் சுமார் 528 எம்பி. அதற்கு மேல் டிஸ்க்கில் எவ்வளவு இருந்தாலும் கண்ணில் படாது. தொண்ணூறுகளின் நடுவில் இதைத் தாண்ட வந்ததுதான் பயாஸில் நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று மூன்று தேர்வுகள் கொண்ட அமைப்பு. ஏற்கெனவே கோப்புகள் இருக்கும் டிஸ்க்கில் இதை மாற்றினால் ஆபத்து. கணினி வேறு கணக்கில் செக்டர்களைத் தேடும். அந்த நிலையில் எதையாவது எழுதினால் பழைய கோப்புகள் அழியக்கூடும்.

பிறகு 8.4 ஜிபி, 137 ஜிபி என்று அடுத்தடுத்த சுவர்கள் எழுந்தன. 32 ஜிபியைத் தாண்டினால் சில பயாஸ்கள் உறைந்து நின்றன. அவற்றுக்காகவே, டிஸ்க்கின் அளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பரைத் தயாரிப்பாளர்கள் வைத்தார்கள். 137 ஜிபி தடையை விண்டோஸ் எக்ஸ்பி தாண்டியது 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில். எம்பிஆர் பார்ட்டிஷன் முறைக்கு 2 டிபி எல்லை. அதைவிடப் பெரிய டிஸ்க்குகளுக்கு ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறை தேவைப்பட்டது.

2003 வாக்கில் பரவத் தொடங்கிய சாட்டாவில் கேபிளுக்கு ஒரே டிஸ்க். மாஸ்டர், ஸ்லேவ் தகராறு தீர்ந்தது. அதன் இடத்துக்கு, சாட்டா டிஸ்க்குகளை இயக்கும் ஏஎச்சிஐ என்ற முறையின் தொல்லை வந்தது. ஐடிஇ முறையில் எக்ஸ்பியை நிறுவிவிட்டு, புது மதர்போர்டில் ஏஎச்சிஐக்கு மாற்றினால் நீலத் திரைதான். முறையாக நிறுவ, தொடக்கத்தில் எஃப்6 தட்டி டிரைவரை ஃபிளாப்பியிலிருந்து கொடுக்க வேண்டும். இந்த ஒரு காரியத்துக்காகவே ஃபிளாப்பி டிரைவைக் கழற்றாமல் வைத்திருந்தவர்கள் உண்டு.

இதே டிரைவர் சிக்கல் பின்னாளிலும் திரும்பியது. இன்டெலின் 11-ஆம் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றில் பயாஸில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கும் நிலையில் வந்தது. அதில் விண்டோஸ் 10 நிறுவப்போனால், டிஸ்க்குகளைக் காட்ட வேண்டிய பெட்டி காலியாக நிற்கும். பென் டிரைவில் டிரைவரை வைத்து 'லோட் டிரைவர்' பொத்தானை அழுத்தினால் டிஸ்க் தெரியும். விஎம்டியை அணைத்துவிட்டு நிறுவலாம் என்பது இன்னொரு வழி. ஆனால் அது இயங்கும்போது நிறுவிய விண்டோஸ், பிறகு அதை அணைத்தால் பெரும்பாலும் எழும்பாது.