பணியாளரைத் தேர்தலும் கணக்கொப்புவித்தலும்

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் நெடுங்காலமாக வாணிகம் நடத்தி வரும் கடைகளில், வேலை வேண்டி வந்து நிற்கும் இளைஞனை நோக்கிக் கடைக்காரர் முதற்கண் வினவுவன மூன்று: எந்த ஊர்? யார் மகன்? யார் சொல்லி வந்தாய்? கல்வியும் பயிற்சியும் அதன் பின்னரே வினவப்பெறும். கார்த்திகைத் தீபத்திற்கு முன்னர்க் கூட்டம் பெருகும் நாட்களில், பெட்டியில் பணம் வாங்கும் இடத்திற்கு ஆள் எத்துணைத் தேவைப்படினும், இம்மூன்றற்கும் விடையில்லாதவன் அவ்விடத்தில் அமர்த்தப்படுவதில்லை. இவ்வழக்கைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்குவாரும் உளர். ஆயின், ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட கல்வெட்டுகளிலும் இதே வினாக்கள் நிற்றலைக் காண்கின்றோம். அவற்றோடு நான்காவதாக ஒரு வினாவும் அங்கு உண்டு. அந்நான்காவது வினாவே ஈண்டு எமது ஆராய்ச்சிக்குப் பொருளாவது.

ஒருவனை நம்பிப் பணியை ஒப்படைக்குமுன் அவனை எவ்வாறு ஆராய்வது என்னும் சிக்கலை வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்னும் ஐம்பத்தோராம் அதிகாரத்தில் எடுத்துக்கொள்கின்றார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கனாலும் ஆராய்ந்து தெளிக என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள் தரும் விதி. இதற்கு உரைகண்ட பரிமேலழகர், வடநூலார் கூறும் உபதை என்னும் சோதனைகளை இங்குக் கொணர்ந்து பொருத்துகின்றார். அரசன் தானே ஆட்களை ஏவி, அறத்தின் பெயராலும், பொருளாசை காட்டியும், பெண்ணின்பம் காட்டியும், உயிர்க்கு அச்சம் விளைத்தும் ஒருவனது உள்ளத்தை அறிதல் அம்முறை. கௌடலியர் நூலிலும் இதனைக் காணலாம். பேரரசர்க்கு இது பொருந்தலாம். ஒரு சிற்றூரின் ஏரியைக் காக்கவும், ஒரு கோயிலின் பண்டாரத்தைக் காக்கவும், ஒரு கடையின் பெட்டியடியில் அமரவும் ஆள் வேண்டுவார்க்கு ஒற்றர் ஏது? வஞ்சித்துச் சோதித்தபின் அவனோடு ஒருங்கிருந்து தொழில் நடத்துதல்தான் எங்ஙனம்? உரையாசிரியர் காட்டும் வழி அரசவையைத் தாண்டி வெளியே நடவாது என்பது எம் கருத்து.

அதே அதிகாரத்துள் பலரும் விரைந்து கடந்து செல்லும் குறள் ஒன்றுண்டு. சுற்றம் அற்றவரைத் தெளிதலை விலக்குக, அவர்க்கு உலகத்தோடு பற்றின்மையின் பழிக்கு நாணார் என்னும் பொருளது அது. தேரடி வீதிக் கடைக்காரரின் இரண்டாம் வினா இக்குறளின் வழிவந்தது என்று கூறின் மிகையாகாது. இவ்விதியில் ஒரு கொடுமையும் கலந்துள்ளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இனி, உத்தரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு வருவோம். திருவண்ணாமலைக்கு வடகிழக்கே, வந்தவாசிக்கு அப்பால் உள்ள அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனது பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற இரண்டு கல்வெட்டுகளை அறியாத தமிழ் மாணவர் இலர். வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்ட நாள்முதல், பழந்தமிழர் மக்களாட்சிக்குச் சான்றாக அவை மேடைதோறும் எடுத்தோதப்படுகின்றன. அங்கு நிகழ்ந்தது வாக்களிப்பன்று; திருவுளச்சீட்டு. அதனுள் நுழையும் உரிமையும் அந்தணர்க்குரிய பிரமதேய ஊரில் நிலமுடைய ஆடவர்க்கே இருந்தது. ஆகலின், அவற்றை மக்களாட்சிச் சாசனம் என்பதினும், ஊர்ப்பொதுப் பணிக்கு ஆள் தெரிந்தெடுக்கும் விதிநூல் என்று படித்தலே பொருந்தும். அவ்வாறு படிக்குங்கால் அவற்றின் அருமை குறையாது, கூடும்.

வாரியப் பணிக்கு வேண்டும் தகுதிகள் எவை? கால்வேலிக்கு மேற்பட்ட, இறைசெலுத்தும் நிலம், தன் மனையில் தானே எடுப்பித்த வீடு, வேதக் கல்வி, காரியத்தில் திறமை. நிலம் அரைக்கால் வேலியே ஆயினும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவன் கொள்ளப்படுவான். இவற்றோடு அர்த்தசௌசம், ஆத்மசௌசம் என்னும் இரண்டனையும் கல்வெட்டு கேட்கின்றது. பொருளீட்டலில் தூய்மையும், உள்ளத் தூய்மையும் என்பது இவற்றின் பொருள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்திருத்தல் கூடாது. அகவை வரம்பு 919இல் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது, 921இல் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என மாற்றப்பெற்றது. ஈராண்டுகளுக்குள் விதியைத் திருத்த வேண்டிய நிலை அச்சபைக்கு ஏற்பட்டது என்பது கருதத்தக்கது. தீயோர் கெட்டு நல்லோர் தழைக்க இத்திருத்தம் செய்யப்படுவதாகக் கல்வெட்டே இறுதியிற் கூறுகின்றது. முந்தைய விதியினுள்ளும் தீயோர் நுழைந்தமையை இதனால் உய்த்துணரலாம்.

இரண்டாம் கல்வெட்டு யாரை விலக்குகின்றது என்று நோக்குவோம். வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் முதலிடம் பெறுகின்றான். அவன் மட்டுமோ? அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தான், தந்தையுடன் பிறந்தான், மாமனார், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாள் மக்கள், மருமகன், தந்தை, மகன் என உறவுமுறைகள் ஒன்றொன்றாக எண்ணப்பெற்று அனைவரும் விலக்கப்படுகின்றனர். ஐம்பெரும் பாதகம் செய்தார், பிறர்பொருள் கவர்ந்தார், பொய்யோலை புனைந்தார், கழுதைமேல் ஏற்றப்பெற்றார் முதலியோர் அதன் பின்னரே வருகின்றனர். குற்றங்களுட் சிலவற்றிற்குக் கழுவாய் செய்து தூயராயினாரும் உயிருள்ளளவும் வாரியத்திற்கு ஆகார். பாதகம் செய்தவனுக்கும் முன்னதாகக் கணக்குக் காட்டாதவனை நிறுத்திய இவ்வரிசை தற்செயலாக அமைந்தது என்று எமக்குத் தோன்றவில்லை. முன்னர்ச் செய்த பணிக்குக் கணக்கு ஒப்புவித்தாயா என்பதே நாம் கூறிய நான்காவது வினா. ஒருவனது உள்ளத்தை அறிதல் அரிது. கணக்கை அறிதல் எளிது. அறியக்கூடியதை முதலிற் கேட்டனர்.

உறவினரை விலக்கியதன் நுட்பமும் சிந்தித்தற்குரியது. குறள் சுற்றமுடைமையைத் தகுதியாக்கியது. கல்வெட்டு அச்சுற்றத்தையே கணக்கிற்குப் பிணையாக்கியது. ஒருவன் கணக்குக் காட்டாதொழியின் அவனுடைய மைத்துனனும் மருமகனும் பணியிழப்பர். ஆதலின், அவனைக் கணக்குக் காட்டுமாறு நெருக்குவோர் அவன் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருப்பர். ஒற்றரை ஏவும் வேலை ஊர்க்கு இல்லாதொழிந்தது.

தகுதியுடையார் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பெற்று, முப்பது குடும்பும் முப்பது கட்டாகக் குடத்தில் இடப்படும். சிறியோரும் பெரியோரும் உள்ளிட்ட பேரவை கூடியிருக்க, கோயில் நம்பிமார் அனைவரும் அமர்ந்திருக்க, அவருள் முதியவர் குடத்தை எல்லாரும் காண மேலே எடுத்துக் காட்டுவார். ஏதும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்திற் பெய்து குலைக்கப்பெறும். அதினின்றும் அவன் ஓரோலை எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதனை ஏற்று, உரக்கப் படித்தல் வேண்டும். பின்னர் நம்பிமார் அனைவரும் படித்தல் வேண்டும். விரல்களை விரித்து ஏற்க என்று விதித்தவர், விரலிடுக்கில் மற்றோர் ஓலை ஒளிந்திருந்த ஒரு நாளைக் கண்டிருப்பாரோ என்று எண்ணத் தோன்றுகின்றது. இவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியமும், பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் ஆவர். முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவரும், கல்வியாலும் அகவையாலும் முதிர்ந்தவருமே சம்வத்சர வாரியத்திற்குக் கொள்ளப்படுவர். சிறு பணியிற் பழகியவனுக்கே பெரும்பணி என்பது இதன் கருத்து. முந்நூற்றறுபது நாள் கழிந்ததும் பணி முடியும். இடையில் குற்றம் காணப்பெறின் அப்பொழுதே நீக்கப்படுவர்.

கணக்கெழுதுவானைப் பற்றிய விதி இன்னும் கடுமையானது. நேர்மையான வழியிற் பொருளீட்டியவனே கணக்கெழுதுதல் வேண்டும். தான் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்கள் முன் காட்டித் தூயன் எனப்பெற்ற பின்னரன்றி மீண்டும் அப்பணிக்கு வருதல் கூடாது. ஒருவன் எழுதிய கணக்கை அவனே ஒப்புவித்தல் வேண்டும்; வேறொருவன் புகுந்து முடித்தல் கூடாது. பிறன் தலையில் ஏற்றிவிட்டு நழுவுதற்கு வழியே இல்லை.

இனி, கோயிற்பணிகளை நோக்குவோம். தஞ்சைப் பெரியகோயிலுக்குப் பண்டாரம் காப்பாரை அனுப்புமாறு பிரமதேய ஊர்களின் சபைகட்கு இராசராசன் ஆணையிட்டபொழுது, நிலமோ சுற்றமோ பொருளோ உடைய அந்தணரையே அனுப்புமாறு கல்வெட்டிற் பொறித்தான். மெய்காவலரை அனுப்பிய ஊர்களே அவர்க்குரிய நெல்லையும் அளத்தல் வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தான். தெரிந்தெடுத்தவரே பொறுப்பும் ஏற்பர் என்பது இதன் உட்கிடை. நந்தாவிளக்கிற்கு விடப்பெற்ற சாவா மூவாப் பேராடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் பெயரோடு, அவர்தம் உறவினர் பெயர்களும் அங்குச் சேர்த்தே பொறிக்கப்பட்டன. திருவண்ணாமலைக் கோயிற் கல்வெட்டுகளைப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் 1990இல் நூலாக்கியுள்ளனர். அவற்றுள்ளும் விளக்குக் கொடைகள் உள. நாள்தோறும் உழக்கு நெய் அளப்பதற்கு ஓர் ஆயனை நம்பி ஆடுகளை ஒப்படைத்தல் இன்றைய கடன் கொடுப்பினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

இவ்வூர்க் கோயிலின் திருப்பணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி ஏற்று நடத்தியவர் நகரத்தார். அத்திருப்பணிக்கு ஊற்றாயிருந்த அவர்தம் கடல்கடந்த வாணிகத்தில், நாம் கண்ட நான்கு வினாக்களும் புத்துருப் பெற்று வாழ்ந்தன. இரங்கூனிலோ மலாயாவிலோ பல இலக்க ரூபாய்ப் பொறுப்பை ஏற்கும் முகவர் திடீரென்று அமர்த்தப்படுவதில்லை. இளமையிற் பெட்டியடிப் பையனாகப் புகுந்து, அடுத்தாளாக உயர்ந்து, பின்னரே மேலாளாவார். தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தபின் சம்வத்சர வாரியம் என்னும் விதியை இது நினைவூட்டுகின்றது. ஒன்பது நகரக் கோயில்களுள் எக்கோயிலைச் சார்ந்தவர், யார் வீட்டுப் பிள்ளை என்பது அறிந்த செய்தி. பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. ஊதியத்தில் ஒரு பகுதி புறப்படுமுன்னரே கொடுக்கப்படும். மனைவி மக்கள் பெரிதும் செட்டிநாட்டிலேயே தங்கியிருப்பர். ஐந்தொகை எழுதி முதலாளிக்கு அனுப்பி, தவணை முடிவிற் பொறுப்பைப் புதியவரிடம் ஒப்புவித்து ஊர் திரும்பியவர், கணக்குச் செவ்வையாயின் மீண்டும் அமர்த்தப்படுவார். செவ்வையின்றாயின் அவரை வேறெவரும் அமர்த்தார். 1929-30இல் பர்மிய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டபொழுது அந்நாட்டில் செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650 இருந்தன. முதலீடு ஏறத்தாழ 75 கோடி ரூபாய். இத்துணைக் கடைகளையும் கடல்கடந்து நடத்தியது கணக்கேடும் உறவுமுறையுமே.

நான்காவது வினா கேளாத இடத்தில் நிகழ்வதற்குச் சென்னை ஆர்பத்நட்டு நிறுவனமே சான்று. பெயரின் பெருமையை நம்பி ஊழியரும் ஓய்வு பெற்றோரும் கைம்பெண்டிரும் தம் சேமிப்பை அங்கு இட்டனர். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அது கதவடைத்தது. உரிமையாளர் சர் ஜார்ஜ் ஆர்பத்நட்டு சிறை சென்றார். அடுத்த ஆண்டே வி. கிருஷ்ணசாமி ஐயர் முயற்சியாலும் நகரத்தார் துணையாலும் இந்தியன் வங்கி தோன்றியது. உத்தரமேரூர்ச் சபையாராயின், ஆர்பத்நட்டின் குலத்தையும் செல்வத்தையும் ஏற்றுக்கொண்டு, கணக்கு எங்கே என்று கேட்டிருப்பர்.

ஆயினும், இம்முறையைப் புகழ்ந்துவிட்டு அமைதல் ஆராய்ச்சியாகாது. கணக்கு யாரிடம் ஒப்புவிக்கப்பட்டது? ஊர்க்கணக்கு நிலமுடைய சபையாரிடம், கடைக்கணக்கு முதலாளியிடம். பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார் கைப்பட்ட நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. நெல்விலை வீழ்ந்த பின்னர் 1937இல் நூற்றுக்கு 25 பங்கு. முகவர் பொய்க்கணக்கு எழுதியதால் விளைந்ததன்று இது. கணக்கு நேரியதாயிருந்தும், கடன்பட்ட உழவனுக்கு அதிற் சொல்லில்லை. தம்முள் ஒருவரையொருவர் நம்புதற்கு அமைத்த ஏற்பாடு, வெளியிலுள்ளான் நம்புதற்கு அமைந்ததன்று.

முன்னர்க் கொடுமை என்று குறித்ததும் இதனோடு ஒட்டியதே. சுற்றமற்றவனை நம்பற்க என்பார்க்கு, பஞ்சத்தில் உற்றாரை இழந்தவன், ஊர்விட்டு ஊர் வந்தவன், நிலமற்றவன் ஆகியோர் எஞ்ஞான்றும் வாயிலுக்குப் புறத்தரே. உத்தரமேரூர் விதியில் நிலத்தை ஓரளவு கல்வியால் ஈடுசெய்ய இடமிருந்தது. சுற்றமின்மையை ஈடுசெய்ய யாதொன்றும் இல்லை. நான்காவது வினாவோ முதல் மூன்றையும் வேண்டாது தனித்து நிற்கவல்லது. ஓராண்டு சிறுபணி கொடுத்து, கணக்கை வாங்கிப் பார்த்தால், யார் மகன் என்று கேட்க வேண்டுவதில்லை. கல்வெட்டு எழுதினார்க்கு இந்நிலை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அவர் அதனைத் தொடவில்லை. தேரடி வீதியில் நாம் அறிந்த முதியவர் ஒருவர், ஊர் பெயர் கூறாத ஒரு சிறுவனை ஒரு கார்த்திகைக்கு மட்டும் என்று அகல்விளக்கு விற்க அமர்த்தினார். இரவுதோறும் அவனையே எண்ணவைத்து, எழுதவைத்து வாங்கினார். இப்பொழுது அக்கடையின் பெட்டியடியில் இருப்பவன் அவனே.