ஊரார் பொருளும் ஒருவர் கையும்

பங்குனி உத்திரத்தன்று மயிலம் மலைமேல் எழுந்தருளியிருக்கும் முருகப்பெருமானைத் தரிசிக்க வருவோர், தம்மால் இயன்ற காசை உண்டியலில் இட்டுச் செல்வதை நம் அங்கத்தினர் யாவரும் கண்டிருப்பர். அக்காசு வட்டியோடு திரும்பிவரும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் மணிலாக் கொட்டை விற்ற பணத்தையும், கூலியில் மிச்சம் பிடித்த பணத்தையும் ஏலச்சீட்டிலும் தீபாவளிச் சீட்டிலும் இடுகின்ற குடும்பங்கள், இட்டது வளர்ந்து வரும் என்று நம்பியே இடுகின்றன. இரண்டிடத்தும் பலர் பொருள் ஒருவர் கையில் சேர்கின்றது. எனினும் முன்னது காணிக்கை; பின்னது ஒப்பந்தம். இவ்வேற்றுமையை உணராமையால் நம் நாட்டார் அடைந்த நஷ்டங்களையும், அந்நஷ்டங்களின் பயனாகப் பிறந்த சட்டங்களையும் சரித்திர வாயிலாக எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

1906-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ஆறே நாள் இடைவெளியில், சென்னை மாகாணத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அம்மாதம் 16-ந் தேதி தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் பெருமுயற்சியால் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. அதன் மூலதனம் பத்து லக்ஷ ரூபாய். அது இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. கப்பலை நேரிற் கண்டறியாத எளியோரும் கப்பலில் ஒரு பங்கு கொள்ளும் வழி அவ்வாறு பிறந்தது. அம்மாதம் 22-ந் தேதியோ, சென்னையில் பெரும் புகழோடு விளங்கிய ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுக்க இயலாது கதவை மூடிற்று. ‘வெள்ளைக்காரர் கம்பெனி, நெடுங்காலத்துப் பெயர்’ என்ற நம்பிக்கையொன்றையே ஈடாகக் கொண்டு தம் சேமிப்பை அங்கே வைத்திருந்த பல்லாயிரவர் கலங்கி நின்றனர். அக்கம்பெனியின் தலைவராகிய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை அடைந்தார். எனினும் தண்டனையால் முதல் திரும்புவதில்லை.

சுதேசிச் சங்கமும் நிலைக்கவில்லை. எதிரிக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டனர். 1908-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார்கள். 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. அங்கும் பங்காளிகள் பொருளை இழந்தனரே, வேற்றுமை யாதெனின், கூறுதும். பங்கு வாங்கியவன் லாப நஷ்டம் இரண்டுக்கும் உடன்பட்டவன். அவனது பொருள் எத்தொழிலுக்குச் சென்றது என்பது அவனுக்குத் தெரியும். கம்பெனியில் பணம் வைத்தவனோ, கேட்டபொழுது முதல் கிடைக்கும் என்ற வாக்கை நம்பியவன். அவனது பணம் எங்கே சென்றது என்பது கதவு மூடிய பின்னரே அவனுக்குத் தெரிந்தது. தொழிலில் நஷ்டம் நேர்வது வேறு. கணக்கை மறைப்பது வேறு. முன்னதைச் சட்டம் தடுக்க இயலாது. பின்னதைத் தடுக்கவே சட்டம் உள்ளது.

நிற்க, ஆர்பத்நாட் வீழ்ச்சியின் விளைவாக வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானோர் முயன்று 1907-ல் இந்தியன் பாங்கை நிறுவினர். 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு வீழ்ந்தது. அனைத்திந்தியாவுக்குமான பாங்கு சட்டம் 1949-ல் ஏற்பட்டது. தமிழ்நாட்டில், பேராசை காட்டி அதிக வட்டி பேசிய நிதி நிறுவனங்கள் பல மறைந்தபின், வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டம் 1997-ல் இயற்றப்பெற்றது. அது செல்லுமென்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. வீடு வெந்தபின் கிணறு வெட்டியவாறே நம் சட்டங்களுட் பல பிறந்தன. கிணறு இருந்தும் நீர் முகவாதார்க்கு அதனால் என்ன பயன்?

ஆதலின் இன்றுள்ள விதிகளை எளிதிற் கூறுவோம். ஏலச்சீட்டு நடத்துவோர் 1982-ம் வருஷத்துச் சட்டப்படி முன்னனுமதி பெற்று, ஒவ்வொரு சீட்டையும் சீட்டுப் பதிவாளரிடம் பதிய வேண்டும். பிணையமும் கட்ட வேண்டும். 2019-ல் செய்த திருத்தப்படி நடத்துவோரின் கழிவு நூற்றுக்கு ஏழுக்கு மேற்படலாகாது. நிதி என்னும் பெயர் பூண்ட கம்பெனி தன் அங்கத்தினரிடமே பணம் வாங்கி அவர்க்கே கடன் கொடுக்கலாம். சீட்டு நடத்துதலும், வைப்பீடு கோரி விளம்பரஞ் செய்தலும் அதற்கு விலக்கு. ஆளைச் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலித் திட்டங்களை 1978-ம் வருஷத்துச் சட்டம் அறவே தடுத்துள்ளது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களை 2019-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்தது. அத்தகைய திட்டத்தில் பணம் பெறுவோர்க்கு இரண்டு முதல் ஏழு வருஷம் வரை சிறைவாசமும், அபராதமும் உண்டு.

இக்காலத்தே கைபேசி வாயிலாக முகமறியாப் பலரிடம் சிறுசிறு தொகை திரட்டும் முறையும் பரவியுள்ளது. நோயாளிக்கும் மாணாக்கனுக்கும் உதவி கோருவது நன்கொடை. தருவோர் கோருவோனின் உண்மையை விசாரித்துத் தருதல் வேண்டும். ஒருவர்க்கொருவர் கடன் தரும் மேடைகள் ரிசர்வ் பாங்கு 2017-ல் வகுத்த விதிப்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இத்தகைய மேடைகளில் கம்பெனிப் பங்கை விற்பதைப் பற்றி ‘செபி’ என்னும் பங்குச் சந்தை அதிகார சபை 2014-ல் யோசனைப் பத்திரம் வெளியிட்டது. 2016-லோ, அவை அனுமதி பெறாதவையென்று முதலீட்டாளரை எச்சரித்தது.

இனி நம்மவர் மனத்திற் கொள்ளவேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. சீட்டுப் பிடிப்பவர் பெரும்பாலும் அந்நியராய் வருவதில்லை. மாமன் என்றும், சம்பந்தி என்றும், ‘நம்மவர்’ என்றும் சொல்லியே வருகின்றனர். உறவினரிடம் ரசீது கேட்பது மரியாதையன்று என நாம் கூசுகின்றோம். அக்கூச்சமே மோசக்காரனுக்கு மூலதனம். சரியாக நடத்துபவர் ரசீதைக் கேளாமுன்னே தருவர். கேட்டதற்குச் சினப்பவரிடம் பணம் கொடாதிருத்தலே நலம். உறவு பொருளுக்கு ஈடாகாது. மாறாக, பொருளொடு உறவும் ஒருசேர அழிவதைப் பல குடும்பங்கள் கண்டுள்ளன.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பர் நம் முன்னோர். எனவே பணம் தருமுன் மூன்று வினா வினவுக: இது நன்கொடையா, பங்கா, கடனா, சீட்டா? எந்த அதிகாரியிடம் எந்த எண்ணிற் பதிவாகியுள்ளது? தவறினால் எவரைக் கேட்பது? விடை எழுத்தில் இராவிடில் பணப்பையைத் திறவாதீர். ஏமாந்துவிட்டாலும் வெட்கி மறையாமல், கைச்சாத்துகளோடு பொருளாதாரக் குற்றப் பிரிவில் முறையிடுக. நம் சங்கம் கல்வி நிதி திரட்டும் பொழுதும் இவ்வினாக்களையே நம்மிடமும் கேட்பீர்களாக. கணக்குக் கேட்கும் அங்கத்தினரே சங்கத்துக்குக் காவலாவர்.