ஆறே இறைத்துத் தந்த நீர்

மழையாலும் ஊற்றாலும் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒரு பங்கு. பாடுபட்டு நீர் இறைத்து விளைவித்த பயிருக்கு இருபதில் ஒரு பங்கு. விளைச்சலுக்கான ஜகாத்தை நபி (ஸல்) அவர்கள் இவ்வாறு வகுத்தார்கள். நீர் இறைப்பவரின் உழைப்பை மார்க்கம் மதித்தது என்பதை இதனால் அறிகிறோம். அவ்வுழைப்பைக் குறைக்க முஸ்லிம் வினைஞர்கள் ஆற்றையே வேலை வாங்கினர்.

சிரியாவின் ஹமா நகரில், ஆஸி ஆற்றங்கரையில், ‘நாவூரா’ எனும் பெரும் மரச்சக்கரங்கள் இன்றும் நிற்கின்றன. நீரோட்டம் சக்கரத்தைச் சுழற்றும். விளிம்பிலுள்ள பெட்டிகள் நீரை முகந்து மேலே கால்வாயில் கொட்டும். அங்கிருந்து தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் நீர் சென்றது. முஹம்மதிய்யா என்னும் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 21 மீட்டர்.

ஆயினும் சக்கரம் தன் உயரத்திற்கு மேல் நீரை ஏற்றாது. தியார்பக்கிரில் அர்துகிய்யா அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206-இல் முடித்த நூலில் இதற்கு வழி காட்டினார். ஆற்றால் சுழலும் சக்கரம், எதிரெதிரே கிடந்த இரு செப்பு உருளைகளின் உந்துதண்டுகளை இயக்கியது. ஒன்று நீரை உறிஞ்சும்போது மற்றது குழாய்வழி மேலே தள்ளியது. திரும்பி வழியாதபடி அடைப்பிதழ்கள் காத்தன.

ஆறு குறைந்தால் நாவூரா நின்றுவிடும். நம் மோட்டாரோ கிணறு வற்றும்வரை இறைக்கும். ஆற்றில் உளூச் செய்யும்போதும் விரயம் கூடாதெனக் கற்ற நாம், நிறுத்தும் நேரத்தை நாமே அறிந்திருத்தல் கடமையாகும்.