நூற்பட்டியலில் தமிழ் எழுத்து: கல்வி நூலகக் கணினிமயமும் ஆசிரியர் பயிற்சியும்

1. முன்னுரை

நூலகத்தில் நூல் இருப்பது ஒன்று. தேடுவோர்க்கு அது கிடைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இணைப்பது நூற்பட்டியல். பட்டியல் அட்டையிலிருந்து கணினிக்கு மாறியபோது தமிழ் நூல்கள் எத்தகைய சிக்கலுக்கு உள்ளாயின என்பதையும், அதனைத் தீர்ப்பதற்கு நூலகர்க்கும் ஆசிரியர்க்கும் எத்தகைய மொழியறிவு வேண்டும் என்பதையும் இக்கட்டுரை வரலாற்று நிலையில் ஆராய்கிறது.

2. அட்டைப் பட்டியற் காலம்

இந்திய நூலகவியலின் முன்னோடியாகிய சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் அடுத்த ஆண்டிலேயே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் காலத்தைக் காப்பது பற்றியது. 1934இல் வெளிவந்த அவருடைய பட்டியலாக்க விதிநூல், இந்தியப் பெயர்களின் அமைப்பை மேனாட்டுப் பெயர்களின் அச்சில் வார்க்க இயலாது என்பதை உணர்ந்து எழுதப்பட்டது. தந்தை பெயரின் முதலெழுத்தையும் இயற்பெயரையும் கொண்ட தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் என ஒன்றைத் தேடுவது வீண்.

அட்டைப் பட்டியலுக்கு ஒரு நன்மை இருந்தது. அதில் எந்த எழுத்தையும் கையால் எழுதலாம். தமிழ் நூலுக்குத் தமிழில் எழுதிய அட்டை, தமிழ் அகரவரிசையில் அடுக்கப்பட்டது. எழுத்து ஒரு தடையாகவே உணரப்படவில்லை.

3. உரோமன் வடிவமும் பொருளிழப்பும்

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் மார்க் என்னும் கணினிப் பட்டியல் வடிவத்தை உருவாக்கியது. 1962 முதல் அதன் புதுதில்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களைத் திரட்டி வந்தது. அந்நூல்கள் உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் பதிவாயின. இம்முறையில் ளகரம் அடிப்புள்ளியாலும் ழகரம் அடிக்கோட்டாலும் லகரத்தினின்று பிரித்துக் காட்டப்படும். குறிகள் உள்ளவரை இழப்பு இல்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. 1977இல் தொடங்கப்பெற்ற நிசாட் என்னும் தேசியத் தகவல் அமைப்பின் வழியாக, யுனெசுகோவின் சி.டி.எஸ்./ஐசிஸ் மென்பொருள் 1980களின் இறுதியில் நூலகங்களுக்குப் பரவியது. சாதாரண ஆங்கில விசைப்பலகையில் மேற்கூறிய குறிகளுக்கு இடமில்லை. ஆகவே குறிகள் கைவிடப்பட்டன. அதன் விளைவாக வலி, வளி, வழி ஆகிய மூன்று சொற்களும் ஒரே வடிவம் பெற்றன. அறமும் அரமும், மனமும் மணமும் வேறுபாடிழந்தன. மொழியியலார் ஒலியன் வேறுபாட்டைக் காட்டக் கையாளும் குறையிணைகளே பட்டியலில் ஒன்றாகிவிட்டன எனலாம்.

4. குறியேற்றக் குழப்பம்

தமிழ் எழுத்தையே கணினியில் இடும் முயற்சி இதற்கு இணையாக நடைபெற்றது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஆய்வு, 1988இல் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் தொடர்ந்தது. இஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, 1988ஆம் ஆண்டின் இஸ்கியை அடிப்படையாகக் கொண்டது.

எனினும் அச்சகங்களும் அலுவலகங்களும் தத்தம் எழுத்துருக்களையே கையாண்டன. ஓர் எழுத்துருவில் உள்ளிட்ட பதிவு மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டையடுத்து டாம், டாப் ஆகிய குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. விண்டோஸ் 2000 இயங்குதளம் ஒருங்குறித் தமிழுக்கு இடமளித்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது.

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்க 1991இல் தொடங்கப்பெற்ற இன்ஃப்லிப்நெட், 2000இல் சோல் என்னும் மென்பொருளை வெளியிட்டது; 2009இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு ஒருங்குறியில் அமைந்தது. ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறையும் 2009இல் வந்ததே. அதன்வழி உருவான சோத்கங்கா தொகுப்பில் தமிழ் ஆய்வேடுகளும் இடம்பெற்றன. ஆனால் பழைய எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட ஆய்வேட்டைத் திரையில் படிக்கலாமேயன்றி, அதனுள் ஒரு சொல்லைத் தமிழில் இட்டுத் தேட இயலாது. ஏடு இருந்தும் இல்லாததாகிறது.

5. அகரவரிசையும் பெயர் வடிவமும்

ஒருங்குறி வந்ததும் சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. அதன் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. தமிழ் நெடுங்கணக்கிலோ இவ்விரண்டும் மெய்களின் இறுதியில் வருவன. மேலும் தமிழ் அகராதி மரபில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னது. ஆதலின் அக்கறை முன்னும் அகம் பின்னும் வரும். கணினியோ க் என்பதைக் ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகளாகக் கொள்கிறது. குறியெண் வரிசையை மட்டும் பின்பற்றினால் அகம் முந்திக்கொள்ளும். தமிழ் மரபுக்கேற்ற வரிசை நெறியைத் தனியே அமைத்தால்தான் பட்டியல் சீராகும்.

உள்ளீட்டுப் பிழை இன்னும் நுட்பமானது. ஔவை என்பதை ஔகாரத்தால் எழுதுவதும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவதும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். அவ்வை என்னும் வடிவமும் வழக்கில் உண்டு. இம்மூன்றையும் இணைக்காத பட்டியலில் ஔவையார் பற்றிய நூல்கள் மூவிடங்களில் சிதறிக் கிடக்கும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது நேரடி இழப்பாகும். உருசிய எழுத்தாளர் ஒருவரே தால்ஸ்தாய், டால்ஸ்டாய், டோல்ஸ்டோய் எனப் பலவாறு எழுதப்படுகிறார். ஏற்ற பெயர் வடிவம் ஒன்றை நிறுத்தி, ஏனையவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டும் பெயர்க்கோப்பு இல்லையெனில், முன்னரே வெளிவந்த மொழிபெயர்ப்பு இருப்பதை அறியாமல் மீண்டும் மொழிபெயர்க்க நேரும்.

6. ஆசிரியர் பயிற்சியின் நிலை

பள்ளிகளில் கணினியறிவை வளர்க்கும் கிளாஸ் திட்டம் 1984-85இல் பி.பி.சி. மைக்ரோ கணினிகளுடன் தொடங்கியது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழு, 2014இல் வகுத்த இரண்டாண்டுக் கல்வியியல் பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பத்தைத் திறனாய்வு நோக்கில் அறிதல் என்பதைத் தனிப் பகுதியாகச் சேர்த்தது.

இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் தமிழாசிரியராக விரும்பும் மாணவர், பட்டியலில் ஔவையாரைத் தேடிக் காணாதபோது, அந்நூல் நூலகத்திலேயே இல்லை என முடிவு செய்துவிடக்கூடும். பிழை தம் விசையழுத்தத்திலோ பட்டியலின் பதிவிலோ இருக்கலாம் என ஐயுறுவதற்கு எழுத்துக் குறியேற்றம் பற்றிய அடிப்படை அறிவு தேவை. அவ்வறிவு பெறாத ஆசிரியரிடம் கற்கும் மாணவரும் அதே முடிவுக்கே வருவர்.

7. முடிவுரை

தமிழ் நூற்பட்டியல் கையெழுத்து, உரோமன் வடிவம், பல்வேறு எழுத்துருக்கள், ஒருங்குறி என நான்கு நிலைகளைக் கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிக்கலாக அமைந்தது, எழுத்து பற்றிய மொழியியல் அறிவு கருவியின் அமைப்பில் இடம்பெறாமையே ஆகும். நெடுங்கணக்கு வரிசை, மாற்று வடிவங்கள், பெயர்க்கோப்பு, குறியேற்ற மாற்றம் ஆகிய நான்கும் நூலகவியல், கல்வியியல் ஆகிய இரு பாடத்திட்டங்களிலும் இடம்பெறல் வேண்டும். இப்பாடங்களை வகுப்பதில் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பங்குண்டு. தேடுவோர்க்கு அகப்படாத நூல், அடுக்கில் இருந்தும் இல்லாத நூலே ஆகும்.