தவக்காலமும் தன்னாய்வும்: 1580ஆம் ஆண்டின் 'கொம்பெசியொனாயரு' நூலை முன்வைத்து

தமிழ் அச்சு வரலாற்றை எழுதியோர் 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தையும், 1579இல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்க'த்தையும் விரிவாகவே பேசியுள்ளனர். அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த 'கொம்பெசியொனாயரு' என்னும் பாவ அறிக்கை நூலுக்குப் பெரும்பாலும் ஒரு வரியே கிட்டுகிறது. முதலிரு நூல்களும் மன்றாட்டும் மறைக்கல்வியும் ஆகும். புதிய சமயத்தவருக்கு அவை வேண்டப்படுவது இயல்பு. மூன்றாவதாகத் தன் குற்றங்களை எண்ணிப்பார்க்கும் நூல் ஒன்று ஏன் அச்சேற வேண்டும்? இதற்கான விடை தவக்காலத்தின் நெடிய வரலாற்றில் உள்ளது எனக் கருதலாம்.

கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதி நாற்பது நாள் காலத்தைக் குறிப்பிடுகிறது. தொடக்க நூற்றாண்டுகளில் அக்காலம் இரு சாராருக்கு உரியதாக இருந்தது: உயிர்ப்பு விழாவில் திருமுழுக்குப் பெறக் காத்திருந்தோர் ஒரு சாரார், கொலை, பிறன்மனை நயத்தல், மறைமறுப்பு போன்ற பெரும்பிழை புரிந்தோர் மற்றொரு சாரார். உரோமை மரபில், பின்னவர் தவக்காலத் தொடக்கத்தில் ஊரறிய ஒதுக்கப்பட்டுப் பெரிய வியாழனன்று ஆயரால் மீண்டும் ஏற்கப்பட்டனர். பிழையும் வெளிப்படை, தண்டமும் வெளிப்படை. அந்த வாய்ப்பும் வாழ்நாளில் ஒருமுறையே தரப்பட்டது. சாம்பல் பூசுவதும் முதலில் இவர்களுக்குரிய அடையாளமே. 1091இல் பெனவெந்தோ சங்கம் அதனை எல்லா நம்பிக்கையாளருக்கும் உரியதாக்கியது. சிறிய சடங்கு மாற்றம் போலத் தோன்றினும் இதன் பொருள் பெரிது: சிலரின் தண்டனைக் காலமாக இருந்தது எல்லாரும் தம்மைக் குற்றவாளியாகக் காண வேண்டிய காலமாயிற்று.

இதனோடு அயர்லாந்துத் துறவியர் பரப்பிய தனிமையான பாவ அறிக்கையும் இணைந்தது. 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம், பகுத்தறியும் பருவமடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் குருவிடம் பாவங்களை அறிக்கையிட வேண்டும், உயிர்ப்புக் காலத்தில் நற்கருணை பெறவேண்டும் என விதித்தது. 1551இல் திரெந்து சங்கம், இவ்வறிக்கையைத் தவக்காலத்தில் செய்யும் வழக்கத்தைச் சிறப்பாகப் போற்றியது. நோன்புக்கு வயிறு போதும். அறிக்கைக்கோ மொழி வேண்டும். தவக்காலத்தின் சுமை உடலிலிருந்து சொல்லுக்கு இடம்பெயர்ந்தது எனச் சொல்வது மிகையாகாது.

முத்துக்குளித்துறையில் இச்சுமை முழுமையாக மொழியின்மீதே விழுந்தது. 1535-37 ஆண்டுகளில் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார் தமிழறிந்தோர் துணையுடன் மன்றாட்டுகளை மொழிபெயர்த்தார். மன்றாட்டை மனப்பாடம் செய்விக்கலாம், பிழையை மனப்பாடம் செய்விக்க இயலாது. தவக்கால உணவு விதியோ புலாலை விலக்கி மீனை அனுமதித்தது. மீனையே உண்டு மீனாலேயே வாழும் துறைகளில் இவ்விதி பெரிய துறப்பாக இருந்திருக்க முடியாது! மேலும், மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் நடைபெறுவது. ஆகவே தவக்காலத்தின் பிற்பகுதி, கடலோடிகள் ஆண்டின் பெரும்பொருளை ஈட்டுவதும் உயிரைப் பணயம் வைப்பதுமான நாள்களோடு மோதியது.

குருவுக்குத் தமிழ் தெரியாதபோது இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். இதனைத் திருச்சபை தடுக்கவில்லை; அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. ஆயினும் சிறு துறையொன்றில் அவர் பெரும்பாலும் அறிந்த முகம். உறவினராகவோ கடன் கொடுத்தவராகவோ கூட இருக்கலாம். அவர் முன்னிலையில் சொல்லப்படும் பாவம் மீண்டும் ஊரறிந்ததாகிவிடும் அச்சம் இயல்பானது. பழைய வெளிப்படைத் தண்டத்தின் நிழல் இவ்வாறு வேறு வழியில் திரும்பி வந்தது.

அன்றிக் என்றிக்கசு (1520-1600) தமிழ் கற்றதன் பொருளை இவ்விடத்தில் வைத்தே காண வேண்டும். 1546இல் இந்தியா வந்த அவர் தமிழ் இலக்கணம் ஒன்றைத் தொகுத்தார். மொழிபெயர்ப்பாளரின்றித் தமிழில் உரையாடும் திறம் பெற்றார். ஆனால் ஒருவர் கற்பதால் பல துறைகளின் தேவை தீராது. அவர் ஆக்கிய 'கொம்பெசியொனாயரு' தமிழெழுத்தில் அச்சிடப்பட்டது. அதன் படி ஒன்று இன்று ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது. அக்கால ஐரோப்பாவில் இவ்வகை நூல்கள் பொதுவாகப் பத்துக் கட்டளைகளின் வழியே வினவிச் செல்பவை; குருவுக்கும் அறிக்கையிடுவோருக்கும் பயன்பட்டவை. தமிழெழுத்தில் அமைந்த நூல் எழுத்தறிந்த ஊரார் கைக்கும், துறைகளில் மறைக்கல்வி புகட்டிய கணக்கப்பிள்ளைமார் கைக்கும் சென்றிருக்கும் எனக் கருத இடமுண்டு.

மிசேல் பூக்கோ 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் (1976) இலாத்தரன் சங்கத்தைச் சுட்டி, பாவ அறிக்கையை அதிகாரம் உண்மையைப் பேசவைக்கும் உத்தியாகக் கண்டார். காலனியச் சூழலுக்கு இப்பார்வை எளிதில் பொருந்தும். அவ்வளவு எளிதாகப் பொருந்துவதே ஐயத்திற்குரியது. வினாக்களை அமைத்தவர் போர்த்துக்கேயர் என்பதில் மாறுபாடில்லை. ஆனால் அவ்வினாக்கள் தாய்மொழியில் முன்கூட்டியே கையில் கிடைக்கும்போது, எதனை எச்சொல்லால் சொல்வது என்று தீர்மானிக்கும் இடம் சொல்பவருக்குச் சிறிதளவேனும் உருவாகிறது. இடையிலிருந்த மூன்றாம் ஆளும் விலகுகிறார். கண்காணிப்பும் மறைவுரிமையும் ஒரே நூலின் வழியே வந்தன.

பிற்காலச் சொல்வழக்கும் இங்குக் கருதத்தக்கது. மலையாளம் போர்த்துக்கேயச் சொல்லையே 'கும்பசாரம்' எனத் தன்னதாக்கியது. தமிழ்க் கத்தோலிக்கரிடம் நிலைபெற்ற சொல் 'பாவசங்கீர்த்தனம்'. பலரறிய உரத்துப் பாடுவதைக் குறிக்கும் சங்கீர்த்தனம், காதோடு காதாகச் சொல்லும் செயலுக்குப் பெயராயிற்று. நோன்பு 'ஒருசந்தி' ஆனது. சாம்பல் நாள் 'திருநீற்றுப் புதன்' ஆனது. தவக்காலத்தின் ஊர்கூடிய முகமும் மறைந்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய கோவா நாட்டுக் குரு யாக்கோமே கொன்சால்வெசு இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்கால மாலைகளில் ஊர் கூடிய இடத்தில் இராகத்துடன் வாசிக்கப்பட்டது. தனியே முணுமுணுத்த பிழைகளுக்கான அழுகை அங்கே பலர் நடுவில் வந்தது.