கேசு யார் மேல்?

வழக்கு என்றால் நம் சனங்களுக்குத் தீர்ப்பு ஞாபகத்துக்கு வராது, வாய்தாதான் வரும். வாடிப்பட்டிப் பக்கம் நாற்று நடப் போகிறவர், வாய்தா அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்கணும். வருஷக்கணக்காய் அலைந்தபின் விடுதலை. காரணம், ‘சந்தேகத்தின் பலன்’. பொய்க்கேசு போட்டவனைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

சட்டத்தை மீறிய அரசுக்கு அடுத்தவன் மேல் குற்றம் சாட்ட யோக்கியதை உண்டா? அமெரிக்கப் பூர்வகுடிகளின் வழக்கு ஒன்றில் இந்தக் கேள்வி நேராகவே எழுந்தது. 1973 பிப்ரவரி 27இல் தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ கிராமத்தைப் பூர்வகுடி இயக்கத்தினர் கைப்பற்றி, 71 நாள் வைத்திருந்தார்கள். தலைவர்கள் டென்னிஸ் பேங்க்ஸ், ரஸ்ஸல் மீன்ஸ் மேல் கேசு. விசாரணையில் அரசின் வண்டவாளம் வெளியே வந்தது. எஃப்.பி.ஐ. ஆவணங்களை மறைத்திருந்தது; ராணுவத்தையும் உள்ளே இழுத்திருந்தார்கள். 1974 செப்டம்பர் 16இல் நீதிபதி ஃப்ரெட் நிக்கோல் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். சந்தேகத்தின் பலனாக அல்ல, அரசின் நடத்தைக்காக.

இங்கே சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கக் கூடாது என்றது 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம். 2023இல் வந்த புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால், முறைகெட்ட சோதனையில் எடுத்த பொருளும் சாட்சியமாகலாம் என்று 1973இல் பூரண்மல் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

சோதனை என்ற பேரில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு வாச்சாத்தி போதும். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் தர்மபுரி மாவட்டத்து அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். அதற்குப் பிறகு கேசு யார் மேல்? ஊர்க்காரங்க மேலேதான். 90 பெண்கள், 28 பிள்ளைகள், 15 ஆண்கள் கைது.

ஊர் விடவில்லை. 1995இல் ஐகோர்ட்டு உத்தரவால் சி.பி.ஐ. வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023இல் அதே தேதியில் சென்னை ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது; உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் நடந்தது என்றும் சொன்னது. இதற்கு 31 வருஷம்.

தலித், பழங்குடி மக்கள் மேல் பொய்வழக்குப் போடுவதையே வன்கொடுமை என்கிறது 1989ஆம் வருஷத்துச் சட்டம். அதைக் கையிலெடுக்கணும். விடுதலையோடு வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. இது பொய்க்கேசு, போட்டவர் இன்னார் என்று தீர்ப்பிலேயே எழுத வைக்கணும்.