450 கிராம் தானியமும் ஒரு டயட் சார்ட்டும்

இன்னைக்கு எபிசோட் ஒரகடத்துல ஒரு வாடகை ரூம்ல ஆரம்பிச்சு, 1877-க்குப் போயிட்டு, திரும்ப அதே ரூமுக்கு வரும். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

நானும் ஒரு நண்பனும் கொஞ்ச காலம் ஒரகடத்துல ஒண்ணா தங்கியிருந்தோம். எனக்கு ஒரு ஆலையில சாஃப்ட்வேர் சப்போர்ட் வேலை. பாதி நாள் நாற்காலியிலதான். அவனுக்கு இன்னொரு ஆலையில அசெம்பிளி லைன். ஷிஃப்ட் முழுக்க நின்னுட்டே இருக்கணும். ரெண்டு பேருக்குமே தொப்பை போட்டுடுச்சு. போன்ல கிடைச்ச 1,500 கலோரி டயட் சார்ட் ஒண்ணை ஒரே நாள்ல ஆரம்பிச்சோம். எனக்கு எடை மெதுவா இறங்குச்சு. அவன் பத்தாவது நாள், நைட் ஷிஃப்ட்ல, விடியற்காலை மூணு மணிக்கு தலைசுத்தி உட்கார்ந்துட்டான். ரூமுக்கு வந்ததும் கேட்டான்: "ஒரே சாப்பாடுதானே மச்சான், உனக்கு மட்டும் எப்படிடா செட் ஆச்சு?"

இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல கிட்டத்தட்ட 150 வருஷ வரலாறு இருக்கு.

1876-ல சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்குச்சு. தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிமார் சொல்வாங்களே, அதுதான். பட்டினியா வந்தவங்களுக்கு நிவாரண வேலை கொடுத்தாங்க. மண் வெட்டணும், கல் உடைக்கணும். சென்னைக்குள்ள அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்துல வெட்டினதுதான். அரசு செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில கூலியைக் குறைச்சார். நாள் முழுக்க உழைக்கிற ஆணுக்கு 450 கிராம் தானியம், அது போக ஒரு அணா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு.

450 கிராம் அரிசின்னா எத்தனை கலோரி? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 1,550. நாங்க ஆசையா டவுன்லோடு பண்ணின சார்ட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான்!

அப்போ அதை எதிர்த்தவர் மாகாணத்தோட சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ். அவரோட வாதம் ரொம்ப எளிமையானது. உடல் உழைப்பு செய்றவனுக்கு இது பத்தாது, குறைஞ்சது 680 கிராம் தானியம் வேணும், கூடவே காய்கறியும் புரதமும் வேணும்னார். மார்ச் மாசம் அரசு பாதி வழி இறங்கி வந்து, 570 கிராம் தானியமும் கொஞ்சம் பருப்பும் தந்தது. அதுக்குள்ள எத்தனையோ பேர் செத்துட்டாங்க. அந்தப் பஞ்சத்துல இறந்தவங்க எண்ணிக்கை லட்சக்கணக்குல இல்ல, கோடியை நெருங்குற கணக்குல பேசப்படுது.

கார்னிஷ் கேட்ட கேள்வியை இன்னொரு தடவை யோசிங்க. "எவ்வளவு சாப்பாடு?"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி "என்ன வேலை?"ன்னு கேட்டார். நானும் நண்பனும் கேட்காம விட்டது இதைத்தான்.

அடுத்த கட்டம் குன்னூர். 1920-கள்ல அங்க ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவோட வெவ்வேறு பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறின்னு இருந்த சீக்கியர் உணவு சாப்பிட்ட எலிகள் நல்லா வளர்ந்துச்சு. தீட்டின அரிசியை நம்பியிருந்த சென்னைப் பக்கத்து உணவு கடைசி இடத்துல நின்னுச்சு. வயிறு ரொம்பறதும் சத்து கிடைக்கறதும் வேற வேறன்னு புரிஞ்சது. அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958-ல ஹைதராபாத்துக்குப் போச்சு. இன்னைக்கு அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

இப்போ நம்ம காரிடாருக்கு வருவோம். 1948 தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல வேலை செய்யுற இடத்துல கேன்டீன் வேணும்னு சொல்லுச்சு. 90-களோட கடைசியில இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் வந்துச்சு. அதே சட்டம் பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கி வெச்சிருந்துச்சு. 2000 டிசம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து பண்ணுச்சு. 2006-ல ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா, 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிசான். ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் சாப்பாட்டு நேரத்தை ஷிஃப்ட் பஸ் முடிவு பண்ண ஆரம்பிச்சது இப்படித்தான்.

நேரம் மட்டுமில்ல, தட்டும் அவங்க கையில இல்ல. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதியில சாப்பாடு விஷமாகி, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்து போராடினாங்க. "உனக்குப் பிடிச்ச டயட்டைத் தேர்ந்தெடு"ன்னு சொல்றப்போ இது ஞாபகத்துல இருக்கணும். தேர்ந்தெடுக்கற வசதியே எல்லாருக்கும் கிடையாது.

சரி, இருக்கிற எல்லைக்குள்ள என்ன பண்ணலாம்? ஐசிஎம்ஆரோட 2020 பரிந்துரையைப் பாருங்க. 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை செஞ்சா ஒரு நாளைக்கு 2,110 கலோரி. மிதமான உடல் உழைப்புன்னா 2,710. 55 கிலோ பெண்ணுக்கு 1,660, 2,130. இப்போ 1,500-ஐக் கழிங்க. எனக்குப் பற்றாக்குறை சுமார் 600. அவனுக்கு 1,200. பேர்தான் ஒரே டயட், அவன் உடம்புக்கு அது ரெண்டு மடங்கு பட்டினி.

அதனால முதல்ல வேலையைப் பாருங்க, அப்புறம் ஷிஃப்ட்டை, கடைசியா டயட்டோட பேரை. உங்க தேவையிலிருந்து 400, 500 கலோரி குறைச்சா போதும். காலை எட்டு மணிக்கு ஓட்ஸ்னு போட்டிருக்கிற சார்ட், காலை ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு தூங்கப் போறவனுக்கு உதவாது. நைட் ஷிஃப்ட்னா கிளம்புறதுக்கு முன்னாடி முழுச் சாப்பாடு, நடுராத்திரி லேசா ஏதாவது. கேன்டீன்ல சோறு ஒரு கரண்டி குறையட்டும், பருப்பும் முட்டையும் சுண்டலும் கூடட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம எதையும் ஆரம்பிக்காதீங்க.

நண்பன் அந்தச் சார்ட்டைக் கிழிச்சுப் போட்டான். இப்போ கேன்டீன் சாப்பாடுதான். சோறு கொஞ்சம் கம்மி, ரூம்லயிருந்து ரெண்டு அவிச்ச முட்டை. எடை மெதுவாத்தான் குறையுது. ஆனா லைன்ல நிக்கிறான்.

உங்க ஷிஃப்ட் என்ன, தட்டுல என்ன விழுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.